நிறுத்திவைத்த பொட்டலம்

பனி இறங்கிய காலைகளில் அந்த மேல்மாடி அறைக்குத் தொலைவு என்பதே இல்லாமல் போய்விடும். கீழே எதிர்க்கடையின் பலகை தெரியாது. விளக்குக் கம்பத்தின் மேற்பாதி தெரியாது. ஆனால் மேசைமேல் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டிக்கு, மற்ற நாள்களில் எட்டாத ஊர்களெல்லாம் கேட்கத் தொடங்கும். குளிர்ந்த காற்று தரையோடும் வெதுவெதுப்பான காற்று அதன் மேலும் அசையாமல் படுத்திருக்கும்போது, வானொலி அலை இரண்டுக்கும் நடுவே வாய்க்கால் நீரைப் போல நெடுந்தூரம் ஓடும். காரணம் இன்னதென்று கண்ணாடிக்கடை அக்காவுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அத்தகைய காலைகளில் அவள் கையிலிருக்கும் வேலையை மறந்து சற்று நேரம் நின்றுவிடுவாள். பெட்டி சிள்வண்டைப் போல ஒரு கணம் இரையும், அடங்கும், மீண்டும் இரையும். ஒவ்வோர் இரைச்சலும் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் ஒரு துண்டு.

அவளுடைய தொழில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது. தரைத்தளத்தில் கடையும் தேய்க்கும் பட்டறையும்; மேலே இரண்டு அறைகள். ஒன்றில் அவள் வானொலி நிலையம். அவளும் அவளுடைய தங்கையும் ஒரே ஆண்டில் தேர்வெழுதி, ஒரே நாளில், பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலிக்கு உரிமம் பெற்றவர்கள். வாயால் பேசும் வானொலியைவிட, எழுத்தை அனுப்பும் பாக்கெட் ரேடியோதான் அக்காவுக்குப் பிடித்தது. தட்டச்சு செய்ததைப் பெட்டி சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி ஒலியாக்கி அனுப்பும். அந்தப் பக்கத்துப் பெட்டி எழுத்துகளெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கணக்குப் பார்த்து, ‘வந்தது’ என்று திருப்பிச் சொல்லும். சொல்லாவிட்டால் இந்தப் பெட்டி மறுபடி அனுப்பும். பத்து முறை அனுப்பும். பிறகு ‘கைவிடப்பட்டது’ என்று திரையில் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இந்த ஒழுங்கு அவளுக்குப் பிடித்திருந்தது. அரைகுறையாக ஒன்றைக் கேட்டுவிட்டுத் தலையாட்டும் பழக்கம் அந்தப் பெட்டிக்கு இல்லை.

ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த முப்பது சொச்சம் அமெச்சூர்கள் தங்கள் செய்திகளை அவளுடைய நிலையத்தில்தான் போட்டுவைப்பார்கள். அங்கிருந்து அவை குன்றின்மேல் ஆளில்லாமல் நிற்கும் அஞ்சல்கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகும். அதனால் எல்லோரும் அவளைப் போஸ்ட்மாஸ்டர் என்றார்கள். அவள் பதினொரு விதிகளை எழுதி, மணிக்கு ஒருமுறை தானாகவே ஒலிபரப்பாகுமாறு செய்திருந்தாள். ஆறாம் விதி: பிறருக்குப் போகும் செய்தி உங்கள் திரையில் ஓடினாலும் அதைப் பற்றி எவரிடமும் பேசலாகாது. ஒன்பதாம் விதி: பதிவேட்டில் இல்லாத வால் எண்ணிலிருந்து வரும் செய்தி நிறுத்திவைக்கப்படும், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சரிபார்க்கப்படும்.

வால் எண் என்பது ஒருவரே பல கருவிகள் வைத்திருக்கும்போது அவற்றைப் பிரித்தறிய, உரிமத்தோடு தரப்படும் அழைப்புப் பெயரின் பின்னால் ஒட்டிக்கொள்வது. வீட்டுப் பெட்டிக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்பது, கையில் எடுத்துப்போகும் கருவிக்கு ஏழு என்று வழக்கம். சென்ற ஆண்டு பல் டாக்டர் ஒரே இரவில் ஐந்து வால் எண்களிலிருந்து ஊருக்கெல்லாம் நகைச்சுவைத் துணுக்குகளை அனுப்பி வழியை அடைத்துவிட்டார். அதன் பின் பிறந்தது ஒன்பதாம் விதி.

தங்கை ஆறு ஆண்டுகளாகக் கடலுக்குள் ஒரு தீவில் வானிலை ஆய்வாளராக இருக்கிறாள். அதற்கு முன் மேல்மாடியின் இரண்டாம் அறை அவளுடையது. ஈரத் துண்டு புத்தகத்தின் மேல் கிடக்கும். பாதி பிரித்த கருவிகள் கட்டிலின் மேல் கிடக்கும். தேநீர்க் கோப்பை சன்னலோரம் நாள்கணக்கில் இருக்கும். ஒருநாள் அக்கா அந்த அறை வாசலில் நின்று, “இந்த வீட்ல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் இருக்கு. உனக்குத்தான் இல்லை” என்று சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அதனால் அதைக் கோபத்தில் வந்த சொல் என்று பிறகு சமாதானம் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. அந்த மாதமே தங்கை தீவு வேலைக்கு எழுதிப் போட்டாள். இப்போது அந்த அறையில் நூற்றுப் பன்னிரண்டு வில்லைப் பெட்டிகள், எண் வரிசையில், சுவரிலிருந்து சுவர்வரை அடுக்கப்பட்டிருக்கின்றன.

அன்றிலிருந்து இருவருக்கும் இடையே தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி. தீவு நிலையத்தின் பெட்டியிலிருந்து, வால் எண் ஒன்றில் வரும்: காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை, கடைசியில் ‘நலம்’. அக்கா ‘பெறப்பட்டது’ என்று பதில் அனுப்புவாள். ஆறு ஆண்டுகள் இப்படியே போயின.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக் கதவைத் தட்டியவர் பஸ் டிரைவர். அவரும் ஓர் அமெச்சூர். பஸ்ஸின் முன்கண்ணாடியருகே ஒரு கருவி வைத்திருப்பவர். பனியிலிருந்து அவர் முகம் மட்டும் முதலில் வந்தது. உடம்பு பிறகு வந்தது.

“அக்கா, இந்தக் கண்ணாடி ஸ்க்ரூ லூசாயிடுச்சு.”

“கடை ஒன்பது மணிக்கு.”

“தெரியும்க்கா. பஸ்ஸும் ஒன்பது மணிக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்னா நான் எப்பதான் வர்றது?”

அவள் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நேத்துதான் முடுக்கிக் குடுத்தேன். இது தானா கழன்ற மாதிரி இல்லையே. நகத்தால கழட்டியிருக்கீங்க.”

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“எதுக்கு வந்தீங்கன்னு நேரா சொல்லுங்க டிரைவர் தம்பி. சுத்துவழி பஸ்ஸோட இருக்கட்டும்.”

டிரைவர் மாடிப்படியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தம் செருப்பைப் பார்த்தார்.

“இன்னிக்குத் தங்கச்சி வர்றாங்களா?”

“எந்தத் தங்கச்சி?”

“உங்க தங்கச்சிதான். எனக்கு ஏது தங்கச்சி? வீட்ல நாலும் தடியனுங்க.”

“அவ எதுக்கு வரணும்?”

“அதை நான் பேசக் கூடாதுக்கா. ஆறாவது விதி.”

“விதி எழுதினவ நான். எங்கிட்டயே விதி சொல்றீங்களா? என்ன பாத்தீங்க?”

“போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்க்ரீன்ல ஓடிச்சு. கண்ணை மூடிக்கலாம்னுதான் பாத்தேன், சத்தியமா. ஆனா மூடறதுக்குள்ள படிச்சிட்டேன். நீங்க பதில் போடுவீங்க போடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஆறு நாள் ஆச்சு. சரி, அக்கா தங்கச்சி விவகாரம், நடுவுல நாம யாருன்னு வாயை மூடிக்கிட்டேன். இன்னிக்குப் படகு கிளம்புது. மனசு கேக்கலை, ஸ்க்ரூவைக் கழட்டிட்டேன்.”

அவள் படிகளில் ஏறினாள். எப்போதும் கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறுகிறவள், அன்று தொட்டுக்கொண்டு ஏறினாள்.

நிறுத்திவைப்புப் பட்டியலில் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்று, பல் டாக்டரின் துணுக்கு. இரண்டாவதைப் பின்னாலேயே வந்த டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“அட, நான் புது பஸ்லேர்ந்து அனுப்பின பிறந்தநாள் வாழ்த்து! இங்கயா கெடக்கு? அதான் ஒரு தேங்க்ஸ்கூட வரலை.”

மூன்றாவது தங்கையின் அழைப்புப் பெயர். வால் எண் ஏழு. வந்த நேரம் ஞாயிறு பிற்பகல் இரண்டு பதினான்கு. அந்த வாரச் சரிபார்ப்பு முடிந்து நான்கு மணி நேரம் கழித்து வந்திருக்கிறது.

‘அக்கா, இது ஸ்டேஷன் பெட்டியில இருந்து இல்லை. அங்கே எல்லாரும் படிப்பாங்க. பாறை மேல உக்காந்து கைக்கருவியில அனுப்பறேன். சனிக்கிழமை படகுல என்னோட ஒப்பந்தத் தாள் வருது. கையெழுத்துப் போட்டா இன்னும் ஆறு வருஷம். போடலைன்னா காலைல எட்டரைக்கு அதே படகுல கிளம்பணும். வீட்ல எனக்கு இடம் இருக்கா? படகு கிளம்பறதுக்குள்ள பதில் வரலைன்னா இல்லைன்னு எடுத்துக்கறேன். திரும்பக் கேக்க மாட்டேன்’

செய்தியின் அடியில் அவளுடைய பெட்டி தன் கடமையைச் செய்திருந்தது. ‘வந்தது’ என்று உடனே திருப்பிச் சொல்லியிருந்தது. ஆகவே தங்கையைப் பொறுத்தவரை கேள்வி ஞாயிற்றுக்கிழமையே அக்காவிடம் சேர்ந்துவிட்டது. அதன் பின்னும் தினமும் ஆறு மணிக்குக் காற்றழுத்தமும் வெப்பநிலையும் ‘நலம்’ என்ற சொல்லும் வந்தன. தினமும் அக்கா ‘பெறப்பட்டது’ என்று அனுப்பினாள். ஆறு மாலைகள், ஆறு முறை.

மணி ஏழு இருபது.

தீவில் கைபேசிக் கோபுரம் கிடையாது. நிலையத்துத் தொலைபேசி மூன்று வாரமாகப் பழுது. அதைச் சீராக்கும் ஆளும் அதே படகில்தான் போயிருக்கிறார். நிலையத்து வானொலிப் பெட்டியை மாலையில்தான் திறப்பார்கள். மீதம் இருப்பது ஏழாம் எண் ஒன்றுதான்.

அக்கா பதிவேட்டைத் திறந்து, தங்கையின் பெயருக்கு நேரே ஏழு என்று சேர்த்தாள். திரையின் வலப்பக்கத்தில் இருந்த வரைபடத்தில், கடலின் நடுவே, தீவின் தென்முனையில், ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

“இது என்ன?”

“அவங்கதான்க்கா. கைக்கருவி நாலு நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்க இருக்குன்னு சொல்லுமே. நீங்க பாத்ததே இல்லையா?”

“பதிவேட்டுல இருக்கிற எண்ணை மட்டும் காட்டச் சொல்லி வச்சிருக்கேன்.”

“நாங்க ஆறு வருஷமா பாக்கறோம். சாயங்காலம் உங்களுக்கு மெசேஜ் போட்டதும் அந்தப் பாறைக்குப் போகும். ஒரு மணி நேரம் அங்கேயே நிக்கும். அப்புறம் திரும்பிப் போகும். மழைன்னா மட்டும் சீக்கிரம் திரும்பிடும்.”

அவள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பனி சன்னலின் விளிம்பைத் தாண்டி அறைக்குள்ளும் கொஞ்சம் வந்திருந்தது போலிருந்தது. திரைக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்குப் பின்னால் நீர் இருப்பதாகவும், அந்த நீரின்மேல் யாரோ கால் நனையாமல் நடந்து போய் வந்துகொண்டே இருப்பதாகவும் தோன்றியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து வாக்கியங்கள் எழுதினாள். செய்தி நிறுத்திவைக்கப்பட்ட காரணம் ஒன்று. அதற்கு வருந்துவது ஒன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் சொன்னதைப் பற்றி இரண்டு. வீட்டில் இடம் உண்டு என்பது ஒன்று. தேதியிட்டாள். அனுப்பினாள்.

பெட்டி நீளமாக இரைந்தது. பதில் இல்லை. மறுபடி இரைந்தது. இடையே வேறு இரைச்சல்கள் புகுந்தன. பனியின் தயவால் அன்று எங்கெங்கோ இருந்த நிலையங்களெல்லாம் குன்றின் காதில் விழுந்துகொண்டிருந்தன. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் குன்றுக்கு இருவர் சொல்வதும் விளங்காது. மூன்று, நான்கு, ஏழு, பத்து. ‘கைவிடப்பட்டது.’

“கூட்டம் ஜாஸ்தி” என்றார் டிரைவர். “நம்ம ஆளுங்களையாவது அமைதியா இருக்கச் சொல்றேன்.” அவர் பேச்சு வானொலியை எடுத்தார். “எல்லாரும் கேளுங்க. போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு அவசரம். எட்டரை வரைக்கும் யாரும் பாக்கெட் விடாதீங்க. பெட்டியை அணைச்சிடுங்க.”

“என்ன அவசரம்?” என்று பல் டாக்டரின் குரல் கேட்டது.

“டாக்டர், எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்வீங்க. இன்னிக்கு நீங்க மூடிக்கங்க.”

பிறகு டாக்டர் கேட்டார்: “ஞாயித்துக்கிழமை விஷயமா?”

“நீங்களும் படிச்சீங்களா?”

“படிக்கலை. கண்ணுல பட்டுது.”

இன்னொரு குரல் “எனக்கும்” என்றது. அடுத்து இன்னொன்று. வரிசையாக நான்கைந்து பேர், ஒப்புக்கொள்வதைப் போலச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராகக் கருவியை அணைத்தார்கள். ஆறாம் விதியை ஊரே அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

ஊர்க்காரர்கள் அடங்கியதும், இரைச்சல்களுக்கு இடையே நீண்ட வெற்றிடங்கள் விழுந்தன. தொலைவு நிலையங்கள் மட்டும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தன. அவள் ஐந்து வாக்கியங்களைப் பார்த்தாள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிக்கு ஆங்கில எழுத்தைவிட மும்மடங்கு சுமை. பொட்டலம் நீள நீள, நடுவே யாராவது குறுக்கிடும் வாய்ப்பும் கூடும். காரணத்தை வெட்டினாள். தேதியை வெட்டினாள். நான்கு வாக்கியங்களாக அனுப்பினாள். ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. ஆறாம் முறை குன்று வாங்கிக்கொண்டு தீவை நோக்கித் திரும்பச் சொல்லத் தொடங்கியபோது, அதன் தலைமேல் மிக அருகிலிருந்து ஒரு பெரிய இரைச்சல் விழுந்து அனைத்தையும் மூடியது.

“யார் அது?” என்று அவள் சீறினாள். “அவ்வளவு சொல்லியும் கேக்காம!”

டிரைவர் திரையைப் பார்த்தார். பிறகு மோவாயைச் சொறிந்தார்.

“நீங்கதான்க்கா. பதினொரு விதி. மணி எட்டு ஆச்சுல்ல.”

திரையில் அவளுடைய விதிகள் ஒன்று முதல் பதினொன்று வரை, நிறுத்தற்குறிகள் பிசகாமல், நிதானமாக ஓடிக்கொண்டிருந்தன. அவை முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருவரும் காத்திருந்தார்கள். ஏழாம் விதி மற்றவற்றைவிட நீளமாக இருந்தது.

“இதை எப்படி நிறுத்தறது?” என்று அவள் கேட்டாள். ஆறு ஆண்டுகளில் நிறுத்தியதே இல்லை.

“ஒயரைப் பிடுங்கினா உங்க பெட்டியும் போயிடும். அங்க, ஸ்க்ரீன்ல அந்த டிக் மார்க்கை எடுத்துடுங்க.”

எடுத்தாள். மணி எட்டு ஒன்பது. எழுதியிருந்த எல்லாவற்றையும் அழித்தாள். கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான் என்பது, எழுதியதெல்லாம் போன பின் தெளிவாகத் தெரிந்தது. தட்டினாள்:

‘இடம் இருக்கு வா’

பெட்டி ஒரு சிறு தும்மலைப் போல ஒலித்து ஓய்ந்தது. குன்று அதையே திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு, எங்கோ ஆழத்தில், நீருக்கு அடியிலிருந்து யாரோ விரலைச் சொடுக்குவதைப் போல, மெல்லிய ஓர் ஒலி.

‘வந்தது.’

டிரைவர் மேசையை ஓங்கித் தட்டினார். அக்கா அசையவில்லை.

“கருவிக்கு வந்துடுச்சு” என்றாள். “அவளுக்கு வந்ததான்னு தெரியாதே. எனக்கும்தான் ஞாயித்துக்கிழமை வந்துது.”

“படிப்பாங்கக்கா.”

“பையில போட்டிருந்தா? ஆறு நாள் பாத்துட்டு வெறுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டிருந்தா?”

டிரைவர் வரைபடத்தைக் காட்டினார். எட்டு பதினைந்துக்குப் புள்ளி நிலையத்துக் கட்டடத்தருகே இருந்தது. எட்டு பத்தொன்பதுக்கும் அங்கேயே இருந்தது. ஒப்பந்தத் தாள் இருக்கும் மேசை அந்தக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும். எட்டு இருபத்துமூன்றுக்குப் புள்ளி வரவில்லை.

அவள் எழுந்து இரண்டாம் அறைக்குப் போனாள். வாசலருகே இருந்த முதல் பெட்டியைத் தூக்கினாள். நடைக்குக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போய் இரண்டாவதைத் தூக்கினாள்.

“அக்கா, இன்னும் தெரியலையே…”

“தெரிஞ்ச அப்புறம் தூக்கறதுக்கு நூத்துப் பன்னெண்டு பெட்டியும் கால் முளைச்சு நடக்குமா? பிடிங்க.”

டிரைவர் பிடித்தார். முதல் இருபது பெட்டிகள் வரிசை மாறாமல் நடையில் உட்கார்ந்தன. அதன் பிறகு நடையில் இடமில்லை. படிக்கட்டில் வைத்தார்கள், குளியலறை வாசலில் வைத்தார்கள், நாற்பத்தொன்றாம் பெட்டி ஏழாவதின்மேல் ஏறியது, எண்பது தலைகீழாக நின்றது. சுவரோரம் ஒரு சன்னல் வெளிப்பட்டது. அதன் மேடையில் ஒரு தேநீர்க் கோப்பை, அடியில் காய்ந்த பழுப்பு வளையத்துடன், ஆறு ஆண்டுகளாகப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அத்தனை பெட்டிகளை அடுக்கியவள் அதை மட்டும் எடுக்காமல் விட்டது எப்படி என்று டிரைவர் கேட்கவில்லை. அவளும் அதை எடுக்கவில்லை.

பனி விலகத் தொடங்கியிருந்தது. தொலைவு ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து உதிர்ந்தன. எதிர்க்கடைப் பலகையின் கடைசி எழுத்து முதலில் தெரிந்தது. பிறகு அதற்கு முந்தியது. பெட்டி நெடுநேரம் பேசாமல் இருந்தது. எட்டு முப்பத்தைந்து. எட்டு ஐம்பது.

“உங்க பஸ்?”

“ஓடிப் போயிடாது. சாவி எங்கிட்ட இருக்கு.”

பெட்டி ஒருமுறை இரைந்தது.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்தவாறே வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தீவின்மேல் புள்ளி இல்லை. தென்முனைப் பாறையில் இல்லை, கட்டடத்தருகிலும் இல்லை. கரைக்கோட்டுக்கு வெளியே, வரைபடத்தில் எதுவும் வரையப்படாத நீலத்தில், விரற்கடை தூரத்தில் அது இருந்தது.

அக்கா பெட்டியை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் கீழே வைத்தாள். அது டிரைவரின் காலின்மேல் உட்கார்ந்தது. அவர் சத்தம் போடாமல் பொறுத்துக்கொண்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டுச் சும்மா படகுல சுத்திட்டுப் போக வருவாளா?” என்றாள் அவள்.

“அக்கா. படகு அங்க திரும்பிப் போறது அடுத்த மாசம்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு நிமிடம் கழித்துப் புள்ளி இன்னும் சற்று மேற்கே, இந்தக் கரைப் பக்கமாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு செய்தியும் வந்து நின்றது. அனுப்பியவர் ஏழாம் எண். நிறுத்திவைக்கப்படாமல் நேரே வந்திருந்தது.

‘என் கப்பை எடுத்துட்டியா’

அவள் ‘இல்லை’ என்று தட்டினாள். அனுப்பினாள். ‘வந்தது’ என்றது.

கீழே யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. படிக்கட்டில் பெட்டிகள் நிறைந்திருந்ததால், இறங்கிப் போய்த் திறக்க இருவருக்கும் வழியில்லை. டிரைவர் சன்னலைத் திறந்து, “இன்னிக்குக் கடை லீவு!” என்று தெருவை நோக்கிக் கத்தினார். அக்கா மறுக்கவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலத்தின் நடுவே ஏழு மறைந்தது. நான்கு நிமிடம் கடல் மட்டும் இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் அருகே, அது மறுபடி வந்தது.